பறக்கும் ரயிலுக்கு நான் அளந்த முப்பத்தெட்டு அடி

அந்த வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு நான் எங்கள் அசிஸ்டென்ட் என்ஜினீயர், ஏ.இ.யின் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஓர் அனுமதிப் பாரத்தில் நான் போட்டிருந்த இனிஷியலை ரத்து செய்யுங்கள் என்று கேட்க வந்திருந்தேன். மராமத்து இலாகாவில் என் பத்தொன்பது வருஷ சர்வீஸில் அப்படி ஒரு விண்ணப்பத்தோடு யாரும் அந்த வாசலில் நின்று நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பன்னிரண்டு பேர் ஒரு மர வண்டியில் ஏறி உட்காரப் போகிறார்கள். அந்த வண்டி ஓடலாம் என்பதற்கு ஆதாரம் அந்தப் பாரம். பாரத்தின் அடியில் என் இனிஷியல்.

எனக்குப் பேச வராது. பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு எழுந்து விடை சொல்லச் சொன்னால் சிலேட்டில் எழுதிக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஸ்கூல் பைனலோடு படிப்பு நின்றது. மேஸ்திரியாக வேலைக்குச் சேர்ந்தேன், இன்றும் மேஸ்திரிதான். இலாகாவில் புதிதாக வருகிறவர்கள் அந்தச் சம்பவத்தைப் பற்றிக் கேட்கும்போது சொல்லத் தெரியாமல் சிரித்து மழுப்பிவிடுகிறேன். எழுதினால் ஒழுங்காக வரும் என்று எழுதுகிறேன்.

1. பதினொன்றாம் கட்டம்

திரு-கொச்சி ராஜ்யம் ஏற்பட்ட பிறகு வந்த ஓணங்களில் ஒன்று. கரமனை போகும் ரோட்டோரத்தில் ஒரு காலி மனையைக் குத்தகைக்கு எடுத்து, தூத்துக்குடியிலிருந்து வந்த சங்கரலிங்கம் என்பவர் ‘பறக்கும் ரயில்’ கட்டிக்கொண்டிருந்தார். அதுவரை திருவிழாக்களில் ராட்டினமும் குடை ராட்டினமும் நடத்தியவர். பறக்கும் ரயில் என்பது உயரமான மரச் சாரத்தின் மேல் தண்டவாளம் போட்டு, வண்டியைச் சங்கிலியால் உச்சிக்கு இழுத்து, அங்கிருந்து தானாக உருள விடுவது. இறங்கிய வேகத்திலேயே அடுத்த மேட்டில் ஏறும். இங்கிலீஷில் ரோலர் கோஸ்டர் என்பார்கள். திருவனந்தபுரத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

சாலைக் கடைவீதி முழுக்க போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ‘உயரம் எண்பது அடி. வேகம் மணிக்கு அறுபது மைல். பலவீனமான இருதயம் உள்ளவர்கள் தள்ளி நின்று பார்க்கவும்.’

எங்கள் ஆபீசுக்கு அவர் கொடுத்த விண்ணப்பத்தில் பதினொன்றாம் கட்டம் ‘தரை மட்டத்துக்கு மேல் உயரம்’. அதில் முப்பத்தெட்டு அடி என்று எழுதியிருந்தார். பன்னிரண்டாம் கட்டம் வேகம். மணிக்கு முப்பது மைல்.

ஊருக்கு எண்பது, ஆபீசுக்கு முப்பத்தெட்டு. என் சந்தேகம் அங்கேயே ஆரம்பித்தது. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது, இந்த மனிதர் அதை இலாகாவிடமிருந்து மறைக்கிறார் என்று நினைத்தேன்.

என் சந்தேகத்துக்கு ஆபீசில் ஒரு சரித்திரம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் ஒரு கல்வெர்ட்டில் காண்டிராக்டர் சுண்ணாம்பைக் குறைத்திருக்கிறார் என்று நான் ரிப்போர்ட் எழுதி, கட்டி முடித்த சுவரை இடித்துப் பார்த்தார்கள். சுவர் கருங்கல் மாதிரி இருந்தது. அந்தக் காண்டிராக்டர் ஒரு நல்ல மனிதர். என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார். அதிலிருந்து எனக்கு ஆபீசில் ‘சம்சயம் பிள்ளை’ என்று பெயர்.

திங்கட்கிழமை ஏ.இ. என்னைக் கூப்பிட்டுப் பாரத்தைக் கொடுத்தார். அவர் மலையாளி, கெட்டிக்காரர், தமிழும் மலையாளமும் கலந்துதான் என்னிடம் பேசுவார்.

“பிள்ளே, போய் ஹைட் ஒண்ணு செக் பண்ணிட்டு வரணும். முப்பத்தெட்டு உண்டோ இல்லையோ, அது மதி, போதும். அவனோட குடும்ப சரித்திரம் எனக்கு வேண்டா.”

“சரி சார்.”

“சம்சயத்தை இங்க மேசை மேல வெச்சிட்டு டேப்பை எடுத்துட்டுப் போகணும்.”

ஹெட் கிளார்க் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

2. நிழல்

மனையைச் சுற்றிப் பன்னிரண்டு அடி உயரத்துக்குத் தென்னை ஓலைத் தட்டி கட்டியிருந்தது. வெளியிலிருந்து சாரத்தின் மேல் பாகம் மட்டும் தெரியும். சங்கரலிங்கம் வாசலிலேயே நின்றார். கறுத்த கனத்த ஆள், தோளில் துண்டு, காதில் பென்சில்.

“மராமத்துலேருந்து வர்றேன், அண்ணாச்சி. உயரம் பார்க்கணும்.”

“பாருங்கய்யா. தாராளமாப் பாருங்க. வெளிய நின்னு பாருங்க.”

“உள்ளே…”

“உள்ள ஆளு வேல செய்யுதான். மேலேருந்து ஆணி விழும், சுத்தியல் விழும். ஒங்க தலையில விழுந்தா எனக்குல்லா கேசு? அதுவும் போக, போன மாசம் ஒருத்தன் கரண்டு ஆபீசுன்னு சொல்லி உள்ள வந்து எல்லாத்தையும் படம் வரைஞ்சிட்டுப் போயிட்டான். கொல்லத்துல இதே மாதிரி ஒண்ணு கட்டப் போறானாம். நான் இனி எங்க அய்யாவே வந்தாலும் உள்ள விடமாட்டேன்.”

‘நான் அரசாங்க உத்தியோகஸ்தன், உள்ளே விடு’ என்று சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது. வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்தேன். நடந்துகொண்டே, உள்ளே ஏதோ இருக்கிறது, அதனால்தான் விடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெரிய சாரத்தின் ஒரு கால் தட்டியை ஒட்டி நின்றது. காலை ஒன்பதரை மணி வெயில். சாரத்தின் நிழல் வேலியைத் தாண்டி ரோட்டோரத்துச் சமதரையில் விழுந்தது. ஆறு அடிக் கம்பை நட்டேன். அதன் நிழல் நாலரை அடி. சாரத்தின் காலிலிருந்து நிழலின் முனைவரை டேப் பிடித்தேன், உச்சியில் கட்டியிருந்த கொடியை விட்டுவிட்டு. இருபத்தெட்டரை அடி. கம்புக்கும் நிழலுக்கும் உள்ள விகிதத்தில் கணக்குப் போட்டால் சரியாக முப்பத்தெட்டு அடி.

நம்பவில்லை. பத்து மணிக்கு மறுபடி அளந்தேன். முப்பத்தெட்டு. பத்தரைக்கு அளந்தேன். ஒன்றரை அங்குலம் வித்தியாசம், அது டேப் தொய்வு.

சங்கரலிங்கம் இளநீர் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

“எம்புட்டு வருது?”

“முப்பத்தெட்டு.”

“ஏன் மொகம் வாடிட்டு? பொய் கெடைக்கலையோ?”

நான் இளநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “போஸ்டர்ல எண்பதுன்னு…”

“முப்பத்தெட்டுன்னு போட்டா எவன்யா வருவான்? அவன் வீட்டுத் தென்னமரமே அறுவது அடி. போஸ்டரு ஊருக்கு. ஆபீசுக்கு நான் பொய் எழுதமாட்டேன். ஞாயித்துக்கிழமை மொத வண்டில என் மகளும் மருமகனும் உட்காருதாங்க. கலியாணம் ஆகி இன்னும் மூணு மாசம் ஆகல. தூத்துக்குடிலேருந்து வாராங்க. கூட பத்துப் பேரு நம்ம ஆளுங்க. அதுக்கப்புறம்தான் டிக்கெட்டு.”

இதையும் நான் சந்தேகத்தோடுதான் கேட்டேன். மகளை உட்கார வைக்கிறேன் என்று சொன்னால் எந்த அதிகாரியும் இளகுவான் அல்லவா?

ஆனால் அளவு சரியாக இருந்தது. அன்று மத்தியானமே பதினொன்றாம் கட்டத்துக்கு எதிரே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதி இனிஷியல் போட்டேன். ஏ.இ. பார்த்துவிட்டு, “கொள்ளாம். ஒரு சம்சயமும் இல்லாமல் ஒரு பேப்பர்,” என்று சொல்லித் தானும் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார்.

3. நாலும் ஐந்தும்

செவ்வாய்க்கிழமை மாலை வண்டியில் மணல் மூட்டை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போகிற வழி என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு அங்கே போய் நின்றேன். ஓலைத் தட்டிக்கு மேலே வண்டி உச்சியில் ஒரு கணம் தெரியும், தலைகுப்புற இறங்கும், மறைந்துவிடும். பிறகு சத்தம் மட்டும்தான்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு, பள்ளிக்கூடத்தில் படித்தது. எத்தனை அடி இறங்குகிறதோ அந்த எண்ணுக்கு வர்க்கமூலம் கண்டு, எட்டால் பெருக்கினால், ஒரு விநாடிக்கு எத்தனை அடி ஓடும் என்று கிடைக்கும். முப்பத்தெட்டு அடிக்கு நாற்பத்தொன்பது அடி வருகிறது. அதற்கு மேல் தானாக உருளும் எந்த வண்டியும் ஓட முடியாது. உராய்வில் குறையுமே தவிரக் கூடாது.

தண்டவாளம் பழைய டிராலி லைனிலிருந்து வாங்கியது. திங்கட்கிழமையே வாசலுக்கு வெளியே கிடந்த ஒரு துண்டை அளந்து வைத்திருந்தேன். பன்னிரண்டு அடி. ஒவ்வொரு இணைப்பையும் சக்கரம் தாண்டும்போது ‘டடக்’ என்று கேட்கும். முன் சக்கரமும் பின் சக்கரமும் சேர்ந்த இரட்டைச் சத்தம் ஓர் இணைப்பு. விநாடிக்கு நாற்பத்தொன்பது அடி என்றால் விநாடிக்கு நாலு சத்தம், அதற்கு மேல் இல்லை.

எண்ணிப் பார்த்தேன். என் நாக்கு அவ்வளவு வேகமாக எண்ணவில்லை. ஒரு தடவை நாலு மாதிரி இருந்தது, ஒரு தடவை ஆறு மாதிரி.

கோட்டைக்குள் எனக்கு அடுத்த வீட்டில் சேஷையர் என்று ஒரு மிருதங்கக்காரர் இருந்தார். கச்சேரி கிடைக்காத நாட்களில் வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுப்பார். புதன்கிழமை அவரை அழைத்துக்கொண்டு போனேன்.

“ஓய் பிள்ளை, நீர் என்னை ரயில் சத்தம் கேட்கவா அழைச்சிண்டு வந்தீர்? காபி வாங்கித் தருவீர்னு நினைச்சேன்.”

“அப்புறம் வாங்கித் தர்றேன், சாமி. இப்போ நான் இந்தக் கடிகாரத்தைப் பார்த்து விநாடிக்கு ஒரு தட்டு உங்க தோள்ல தட்டுவேன். கீழே இறங்கினப்புறம் ஒரு தட்டுக்கு எத்தனை டடக் வருதுன்னு சொல்லணும்.”

“அவ்வளவுதானே. தட்டும்.”

வண்டி இறங்கியது. சேஷையர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் விரல்கள் வேட்டியின் மேல் தானாக ஓடின.

“அஞ்சு,” என்றார்.

“நாலு இல்லையா?”

“இறங்கும்போது நாலுக்குக் கீழ. அப்புறம் நாலு. அப்புறம் ஒரு ரெண்டு தட்டுக்கு சுத்தமா அஞ்சு, மிருதங்கத்துல கண்ட நடை மாதிரி. திரும்ப நாலுக்கு வந்துடறது.”

மூன்று ஓட்டம் கேட்டார். மூன்றிலும் ஐந்து.

“சாமி, தப்பா இருக்கலாமோ?”

அவர் கண்ணைத் திறந்தார். “சமைக்கிறவாளுக்கு உப்பு தெரியாமப் போகலாம். எனக்கு நாலும் அஞ்சும் தெரியாமப் போகுமா, ஓய்? உம்ம கடிகாரத்தை வேணும்னா சந்தேகப்படும்.”

நான் அதையும் செய்தேன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய், பெரிய கடிகாரத்துக்கு எதிரே கால் மணி நேரம் நின்று ஒத்துப் பார்த்தேன். என் கடிகாரம் சரியாக ஓடியது. பிறகு சேஷையரையே சந்தேகப்பட்டேன். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ? தண்டவாளத்தையும் விடவில்லை. நான் அளந்த துண்டு மட்டும் பன்னிரண்டாக இருந்து மற்றவை பத்தாக இருந்தால்? அதற்காக வியாழக்கிழமை காலையில் வாசலுக்கு வெளியே கிடந்த மிச்சத் துண்டுகள் ஏழையும் அளந்தேன். எல்லாம் பன்னிரண்டு.

விநாடிக்கு ஐந்து என்றால் அறுபது அடி. மணிக்கு நாற்பது மைலுக்கு மேல். அதற்குக் குறைந்தது ஐம்பத்தாறு அடி இறங்கியிருக்க வேண்டும். சாரம் முப்பத்தெட்டு அடி என்று நானே அளந்து இனிஷியல் போட்டிருக்கிறேன். மீதிப் பதினெட்டு அடி எங்கே?

ஒரே வழிதான் தோன்றியது. வண்டியின் அடியில் மோட்டார் வைத்துத் தள்ளுகிறார். அதைத்தான் மறைக்கிறார்.

4. வெட்டுகல் குழி

அன்று நான் தட்டியை ஒட்டி நின்று ஓலை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“ஐயா, கண்ணுல ஓல குத்திரப் போகுது.”

திரும்பினேன். சங்கரலிங்கம்.

“மூணு நாளாப் பாக்கேன். ரோட்டுல நிக்கீங்க. ஒருத்தரக் கூட்டியாந்து தோள்ல தட்டுதீங்க. வெளிய கெடந்த இரும்ப அளக்கீங்க. என்னய்யா வேணும் ஒங்களுக்கு? நேரா சொல்லுங்க.”

“வண்டியிலே மோட்டார்…” என்றேன்.

அவர் வாசல் தட்டியைக் கையால் தள்ளித் திறந்தார். “வாங்க உள்ள. மோட்டார் இருந்தா நீங்களே கழட்டி எடுத்துட்டுப் போங்க.”

உள்ளே போனேன். சங்கிலி இழுக்க ஒரு மோட்டார் சாரத்தின் அடியில் இருந்தது, அவ்வளவுதான். வண்டி வெறும் மரமும் சக்கரமும். உச்சியிலிருந்து தண்டவாளம் இறங்குகிற திசையில் நடந்தேன். தரைவரை இறங்கியது. தரையில் நிற்கவில்லை. அங்கிருந்து ஒரு பெரிய பள்ளத்துக்குள் போனது.

அந்தப் பள்ளத்தை எனக்குத் தெரியும். பழைய வெட்டுகல் குழி, கட்டிடங்களுக்குச் செம்பாறைக் கல் வெட்டி எடுத்த இடம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்துக்கு அங்கிருந்து கல் ஏற்றிப் போன வண்டிகளை நானே நின்று எண்ணியிருக்கிறேன். எப்போதோ மூடியிருப்பார்கள் என்று நினைத்து அதை மறந்தே போயிருந்தேன்.

“எத்தனை அடி ஆழம், அண்ணாச்சி?”

“இருவத்திரெண்டு.” அவர் குரலில் பெருமை இருந்தது. “இதுக்காகத்தாம்லா இந்த மனையப் புடிச்சேன். ஆகாசத்துல ஏறணும்னா மரம் வேணும். பாதாளத்துக்கு எறங்க மரம் எதுக்கு? சும்மா கெடக்கு குழி. வெளிய பாக்கவனுக்கு முப்பத்தெட்டு. உள்ள உட்காந்தவனுக்கு அறுவது.”

“பாரத்திலே இதைச் சொல்லலையே.”

“பாரத்துல கேக்கலையே. தரைக்கு மேல எம்புட்டுன்னு கேட்டுது. எழுதுனேன். தரைக்குக் கீழ எம்புட்டுன்னு கேட்டிருந்தா அதையும் எழுதியிருப்பேன். நீங்க அளக்க வந்தப்பவும் உயரந்தான கேட்டீங்க?”

அவர் சொன்னது அத்தனையும் சரி.

குழிக்குள் இறங்கி டேப் பிடித்துப் பார்த்தோம், இருபத்திரண்டுதான். அடியில் நூறு அடிக்கு மேல் நேராக ஓடி, பிறகு தண்டவாளம் இடது பக்கம் வளைந்து மேலே ஏறியது. வளைவில் வெளிப்பக்கத்து ரெயிலை உள்பக்கத்தைவிட உயர்த்திப் போட்டிருந்தார்கள். வேகத்துக்குத் தகுந்தபடி உயர்த்தாவிட்டால் வண்டி வெளியே சாயும்.

“இந்த உயரம் யார் கணக்கு?”

“ஒங்க ஆபீசு கணக்குதான். டிராயிங் போடுத ஐயா எழுதிக் கொடுத்தாரு. முப்பது மைலுக்கு இம்புட்டு அங்குலம்னு. முப்பது மைலுன்னு நான் எழுதுனது, ராட்டினத்துல எனக்குப் பழக்கம், ஒரு மதிப்புக்கு எழுதுனது. அவரு முப்பத்தெட்டு அடிக்குக் கணக்குப் போட்டுப் பாத்து சரிதான்னாரு.”

வளைவின் வெளிப்பக்கம் குனிந்து பார்த்தேன். ரெயிலைக் கட்டையோடு பிடிக்கும் ஆணிகள் வரிசையாக விரல் நகம் நுழையும் அளவுக்கு மேலே எழும்பி நின்றன. உள்பக்கத்து ஆணிகள் அப்படியே இருந்தன.

“அது தெனம் வரும்யா. புது மரம்லா, எளகுது. சாயங்காலம் ஓட்டி முடிச்சதும் அடிச்சு எறக்கிருவோம்.”

“தினமுமா?”

“தெனமும். மணல் மூட்டையோட நாப்பது தடவ ஓட்டியாச்சு. ஒண்ணும் ஆகல.”

மணல் மூட்டைகள் வண்டியின் தரையில் படுக்கையாகக் கிடந்தன. ஆறு மூட்டை. மனிதர்கள் படுத்துக்கொண்டு போகமாட்டார்கள். நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள், பன்னிரண்டு பேர். எடை மேலே ஏறினால், முப்பது மைலுக்குப் போட்ட வளைவில் நாற்பது மைலில் வரும் வண்டி கவிழும்.

5. ஏ.இ.யின் அறை

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான் அந்த வாசலில் நின்றேன். உள்ளே போனதும் சட்டைப்பையிலிருந்து எழுதி வைத்திருந்த தாளை எடுத்து மேசையில் வைத்தேன்.

ஏ.இ. படித்தார். முதல் பாதியில் அவர் முகம் சிரிப்பை அடக்கியது.

“மிருதங்க வித்வான் சொன்னதை நான் ஃபைலில் எப்படி எழுதும், பிள்ளே? ‘அஞ்சு சத்தம் கேட்டு’ என்றோ?”

“குழி இருபத்திரண்டு அடி, சார். அது டேப்பில் அளந்தது.”

“ஹைட் முப்பத்தெட்டு சரியல்லே?”

“சரி, சார்.”

“நீதானே அளந்தது? உன்னோட இனிஷியல்தானே?”

“ஆமா, சார்.”

“ஞாயிறாழ்ச்ச திறப்பு. மேலிடத்தில் எல்லாருக்கும் கார்டு போயாச்சு. நான் இப்போ போய் எந்து சொல்லணும்? அந்த கல்வெர்ட் காரியம் மறந்து போயோ? ஒரு பாவம் மனுஷ்யனை…”

அந்தப் பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். வந்தால் திரும்பிப் போய்விடுவேன் என்றுதான் பயந்திருந்தேன். கால் திரும்பவும் செய்தது. ஆனால் அந்த எழும்பிய ஆணிகள் கண்ணில் நின்றன.

“அன்னைக்கு இன்னொருத்தர் வேலை மேல சந்தேகப்பட்டேன், சார். இன்னைக்கு என் வேலை மேலதான் சொல்றேன். சங்கரலிங்கம் பொய் சொல்லலை. நான் சரியா அளந்தேன், ஆனா தப்பான இடத்திலே அளந்தேன். என் இனிஷியலை அடிச்சிடுங்க. அவர் மகள் முதல் வண்டியிலே உட்காரப் போறா.”

அவ்வளவு நீளமாக அந்த அறையில் நான் அதற்கு முன் பேசியதில்லை. ஏ.இ. தாளை மறுபடி எடுத்து இரண்டாம் பாதியைப் படித்தார். இந்தத் தடவை பென்சிலை எடுத்து ஓரத்தில் தானே ஒரு கணக்குப் போட்டார். அறுபதின் வர்க்கமூலம், பெருக்கல் எட்டு. பென்சிலை வைத்தார்.

“நாளை காலை ஏழு மணிக்கு சைட்டில் இருக்கணும்,” என்றார். “முப்பது மூட்டை மணல் வேணும்னு அவனிடம் சொல்லு.”

6. சனிக்கிழமை காலை

வண்டியில் ஒவ்வொரு இருக்கையிலும் மூட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக, உட்கார்ந்த ஆளின் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கிக் கயிற்றால் கட்டச் சொன்னார் ஏ.இ. சங்கரலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஒரு நா முன்னாடி வந்து இது என்ன சார் பரீட்ச? நாளைக்குத் தெறப்பு. மக நேத்தே வந்து எறங்கிட்டா.”

“ஒரு ஓட்டம் மதி,” என்றார் ஏ.இ. “ஒண்ணும் ஆகலைன்னா நானே பிள்ளையோட காதைப் பிடிச்சு வெளிய கொண்டுபோறேன்.”

குழியின் கரையில், வளைவுக்கு எதிர்ப்பக்கம், மூன்று பேரும் நின்றோம். சங்கிலி வண்டியை இழுத்தது. அது ஒழுங்காக ஓடி, தவறு ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் ஆபீசில் என் பாக்கி சர்வீஸ் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அப்படியே ஆகட்டும் என்றும் தோன்றியது.

உச்சியில் சங்கிலி விட்டது. வண்டி இறங்கிக் குழிக்குள் வந்து, அடியில் நேராக ஓடி, வளைவில் நுழைந்தது. உள்பக்கத்துச் சக்கரங்கள் ரெயிலை விட்டு ஒரு சாண் மேலே எழும்பின. வெளிப்பக்கத்து ரெயில் கட்டையோடு பெயர்ந்து நகர்ந்தது. வண்டி சாய்ந்து வெட்டுகல் சுவரில் போய் மோதியது. மூட்டைகள் கிழிந்து மணல் சுவரின் மேலிருந்து சரிந்து கொட்டிக்கொண்டே இருந்தது.

சங்கரலிங்கம் குழிக்குள் இறங்கினார். நானும் பின்னால் இறங்கினேன். முன் இருக்கை இருந்த இடத்தில் பலகைத் துண்டுகள்தான் இருந்தன. அவர் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“எத்தன அடி கொறைக்கணும்? சொல்லுங்க,” என்றார்.

“மேலேயிருந்து இருபத்திரண்டு.”

“அப்போ தரைக்கு மேல பதினாறு.”

“ஆமா.”

“தட்டிக்கு மேல நாலு அடி. எவன்யா வருவான்?”

ஏ.இ. கரையிலேயே நின்று பாரத்தை விரித்து, முதலில் தன் கையெழுத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்தார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

7. முதல் வண்டி

சாரத்தை வெட்டி இறக்கி, ரெயிலைப் பெயர்த்துப் போட்டு, வண்டியைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆயிற்று. ஓணம் கழிந்துவிட்டது. திறக்கிற அன்று வேலிக்கு வெளியே கொஞ்சப் பேர்தான் நின்றார்கள். “இதுதான் எண்பது அடியோ? என் வீட்டு மாட்டுத் தொழுவம் இதைவிட உயரம்,” என்று ஒருவன் சத்தமாகச் சொன்னான். சங்கரலிங்கத்தின் காதில் விழுந்திருக்கும்.

புதிய பாரத்தோடு நான் உள்ளே போனேன். ஏ.இ.யும் வந்திருந்தார். பாரத்தில் பதினொன்றாம் கட்டத்துக்குக் கீழே ‘மிக உயர்ந்த இடத்திலிருந்து மிகத் தாழ்ந்த இடம்வரை’ என்று ஒரு வரியை ஏ.இ. கையால் எழுதியிருந்தார். அதற்கு எதிரே முப்பத்தெட்டு. இந்தத் தடவை உள்ளே நின்று டேப்பில் அளந்தது.

சங்கரலிங்கம் அந்த இரண்டு வாரமும் என்னோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அன்று பேசினார்.

“கையெழுத்துப் போடுததுக்கு முன்ன, நீங்களே மொதல்ல உட்காருங்க.”

ஏ.இ. என்னைப் பார்த்தார். மறுப்புச் சொல்ல எனக்கு வாய் வராது என்று அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். சங்கரலிங்கத்தின் மகள் பக்கத்தில் ஏறினாள். மருமகன் பின்னால். இருபது வயதுப் பெண், காலில் மெட்டி, கையில் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“மாமா, ஒங்களுக்குப் பயமா இருக்கா?”

“இருக்கு.”

“அப்பா சொன்னாங்க, நீங்கதான் கணக்குப் போட்டீங்கன்னு. கணக்குப் போட்ட ஒங்களுக்கே பயமா இருந்தா எங்க கதி என்ன?” என்று சிரித்தாள்.

சங்கிலி இழுத்தது. உச்சி வந்தது. வண்டி இறங்கியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். வளைவில் உடம்பு அந்தப் பெண்ணின் பக்கம் சாய்ந்ததும், அவள் சிரித்துக்கொண்டே இருந்ததும் தெரிந்தது. மேலே ஏறி, வெயில் முகத்தில் பட்டபோதுதான் கண்ணைத் திறந்தேன். ‘இன்னொரு தடவை’ என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது. சந்தேகப்படுவது நம் வேலையில் நல்ல குணம் என்று சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்கக் கூச்சப்பட்டதால்தான் நான் சந்தேகப்பட்டேன். ‘வண்டி எவ்வளவு தூரம் கீழே போகிறது, உள்ளே வந்து பார்க்கிறேன்’ என்று திங்கட்கிழமையே கேட்டிருந்தால் அந்த மனிதர் பெருமையாகவே சொல்லியிருப்பார். அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்குப் பதிலாக நான் நிழலை அளந்தேன், சத்தத்தை எண்ணினேன், ஓலை இடுக்கில் ஒளிந்து பார்த்தேன். பன்னிரண்டு பேரின் உயிர் அத்தனை நாளும் அங்கே காத்திருந்தது. கேளுங்கள். குரல் நடுங்கினாலும் கேளுங்கள்.

வண்டியிலிருந்து இறங்கியதும் ஏ.இ. பாரத்தையும் பேனாவையும் நீட்டினார். பாரத்தைச் சாரத்தின் காலில் வைத்து இனிஷியல் போட்டேன். கோடு கோணலாக ஓடி, அது என் இனிஷியல் போலவே இல்லை. ஏ.இ. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.